கூடுதல் நேரம்

மாதம் நூற்றுப் பதினான்கு டாலரை
இனி வேண்டாம் என்று சொல்ல
நாற்பது நிமிடம் தொலைபேசியில் காத்திருந்தேன்.
"ஏன் போகிறீர்கள்?" என்றாள் அந்தப் பெண்.
பெட்டிக்கு வாடகை, பதிவுக்கு வாடகை,
பதிந்ததைத் திரும்பப் பார்க்கவும் வாடகை.
அழுதுகொண்டே கட்டிக்கொண்டிருக்க
இது என்ன என் முதல் கல்யாணமா என்றேன்.
சிரித்துவிட்டாள். பிறகு
இருபது டாலர் குறைத்தாள்.
அப்படியும் போனேன்.

இப்போது பரணில்
கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்கும்
முறிந்த துடுப்புக்கும் நடுவே
ஓர் ஆண்டெனா.
டுலூத் மலையுச்சிக் கோபுரங்களைப் பார்த்தபடி
குளிரில் கை விரித்து நிற்கிறது.
அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி
துணி அலமாரி வழியே போய்
பல் மருத்துவமனை தூக்கியெறிந்த
ஒரு கணினிக்குள் நுழைகிறது.
வட்டு மட்டும் புதிது. அறுபது டாலர்.
காற்றில் வருவது
காற்றின் விலைக்கே.

ஜூனில் எதிர்வீட்டு மேப்பிள் இலைவிட்டால்
ஒரு சேனல் போய்விடும்.
ஏரியிலிருந்து மூடுபனி ஏறினால்
செய்தி வாசிப்பவரின் தாடை
சதுரம் சதுரமாய்ப் பெயர்ந்து
காதருகே ஒட்டிக்கொள்ளும்.
தானத்துக்கு வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை நான்.

காகித ஆலையில் இரவு ஷிப்ட் எனக்கு.
நான் கூழோடு மல்லாடும் நேரம்
வீட்டில் ஒரு சிவப்புப் புள்ளி விழிக்கும்.
எனக்காக யாரோ விழித்திருப்பது போல
என்று எழுத வருகிறது கை. இல்லை.
எட்டு என்றால் எட்டு,
பதினொன்று என்றால் பதினொன்று.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மார்ச்சில் அந்த ஆட்டம்.
பள்ளிகளுக்கான ஹாக்கி, இறுதிப் போட்டி.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெய்னாவின் மகன்
கோல் காக்கிறான்.
விடியும்வரை வானொலி இருக்கும் அறைப்பக்கம் போகவில்லை.
வாயைத் திறந்தவர்களைக்
கையுறையைக் காட்டி மிரட்டினேன்.

காலை ஏழு. காலணியைக்கூடக் கழற்றவில்லை.
மூன்றுக்கு மூன்று. கூடுதல் நேரம்.
பையன் மண்டியிட்டிருக்கிறான்,
முகக்கம்பிக்குள் மூச்சு ஆவியாக.
எதிரணிக்காரன் தனியாக வருகிறான்
மட்டையை ஓங்கி

நீலத் திரை.
பதிவு முடிந்தது.

பதினொன்று என்று சொல்லியிருந்தேன்.
சொன்ன சொல் தவறாத பிராணி.

ஒரு நிமிடம் சுவரைப் பார்த்தேன்.
அப்புறம்தான் நினைவு வந்தது, ஆர்வில்!
கீழ்வீட்டு ஆர்வில் ஸ்கார்,
நகராட்சியின் பனிவாரி வண்டி ஓட்டுகிறவர்.
ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் நிகழ்ச்சி,
அதே சேனல், பதினொன்று மணி,
அவருக்காக நான் பதிந்து வைப்பது.
பார்த்ததும் அழித்துவிடுவார்.
அடுத்தவள் வட்டில் இடம் அடைப்பானேன் என்று
அவருடைய மரியாதை.

படிகளில் பாதியைத்தான் மிதித்தேன்.
மடியில் ஊசியும் நூலும், கையில் ரிமோட்.
திரையில் கேள்வி:
அழிக்கவா?
"பதினொரு நிமிஷம் பையன்கள்
பனியில் வழுக்கிக்கொண்டிருக்கிறார்கள்," என்றார்.
"முதல் சதுரத்தை எப்படி வெட்டுவது என்பதே
போய்விட்டது."
"ஆர்வில், இல்லை என்று அழுத்துங்கள்."

முதலிலிருந்து போட்டோம்.
ஓங்கிய மட்டை இறங்கியது.
உள்ளே போய்விட்டது.

எதிரணி ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடக்க
அவன் எழுந்தான். வலைக்குள் குனிந்து
அந்தக் கறுப்பு வட்டை எடுத்தான்,
சறுக்கிக்கொண்டே போய்
அடித்தவனின் கையுறையில் வைத்தான்.
வர்ணனையாளர் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தார்.
ஆர்வில் ஊசியைத்
துணியில் குத்தி வைத்தார்.

திங்கட்கிழமை டெய்னா,
தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி:
"அரங்கத்தில்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து
கண்ணை மூடிக்கொண்டேன்.
உன்னிடம் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்.
இரண்டு துண்டாக.